முத்துமாலையின் இடது கண்

ராயபுரம்,
10-11-1954

சௌபாக்கியவதி மகள் தங்கபுஷ்பத்துக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் சுகமென்றும், உனக்கு மசக்கை தணிந்து சோறு வயிற்றில் தங்குகிறதென்றும் உன் கடிதத்தில் படித்து உன் அம்மா சந்தோஷப்பட்டாள். நானும் பட்டேன், அடுத்த பக்கத்தைத் திருப்புகிற வரைக்கும். அடுத்த பக்கத்தில் நீ எழுதியிருப்பது இது: ஒரு கண்தான் நன்றாகத் தெரிகிறதே அப்பா, மாமா மனசு நோகும்படி எதற்கு இதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை எழுதியவள் என் மகள்தானா என்று கையெழுத்தை இரண்டு தரம் பார்த்தேன். உன் அம்மா, வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கோபமாக எழுதாதீர்கள் என்று கையைப் பிடித்தாள். கோபமில்லாமல் எழுத எனக்குத் தெரியாது. நாற்பத்தைந்துகூட நிறையாத என்னைத் தாத்தாவாக்கி வைத்திருக்கிறீர்கள், அந்தப் பதவிக்குரிய நிதானம் எனக்கு இன்னும் வரவில்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் உன் மாமனார் வீட்டிலிருந்து உனக்கு வரும் கடிதத்தில் இதெல்லாம் இருக்காது. உன் பிள்ளை முத்துமாலைக்கு மூன்று வயதில் இடது கண் மூக்குப் பக்கம் சாயத் தொடங்கியபோது உங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். மாறுகண் யோகக்கண் என்று உன் மாமனார் ஆறுமுகநயினார் கல்மண்டபம் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த மாதம் அவர் மண்டியில் மிளகாய் வற்றல் விலை ஏறியது. ஏறாமல் என்ன செய்யும், குண்டூர்ப் பக்கம் மழையில் காயப்போட்ட மிளகாயெல்லாம் அழுகிப் போயிருந்தது. ஆனால் ஏற்றியது பேரன் கண்தான் என்று தீர்மானமாகி, அன்று முதல் காலையில் கடை திறந்ததும் அவனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்த்தி, முதல் வியாபாரத்தை அவன் கையால் கொடுத்து வாங்குவது வழக்கமாயிற்று. அவன் கையால் போணியானால்தான் அன்றைக்கு மற்ற மூட்டை நகரும். கண்ணைக் காட்டலாம் என்று நான் அப்போதே சொன்னேன், நீயும் சேர்ந்துதான் சிரித்தாய். இந்தச் சித்திரையில் உன் மாமனாரின் பினாங்குக் கடைக்குக் கப்பலேறும்போது பிள்ளையையும் கூட்டிப் போகிறேனே என்று ஒரு வார்த்தை கேட்டாய். கடைக்கு ராசியானவனைக் கடல் தாண்டி அனுப்புவேனா என்றார் அவர். நீ வாயை மூடிக்கொண்டாய். மேல்தட்டில் நின்று நீ அழுதது நான் வேலை செய்யும் கிரேன் மேடையிலிருந்தே தெரிந்தது. அழுத நேரத்துக்குப் பேசியிருக்கலாம்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை நம் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். உன் அம்மா நீட்டிய தண்ணீர்த் தம்ளரைப் பிடிக்கப் போனவன் அதைத் தொடுவதற்கு முன்பே, இந்தப் பக்கமே, விரலை மூடினான். தம்ளர் விழுந்தது. எங்கேயடா பராக்கு என்று உன் அம்மா அதட்டினாள். எனக்கு அது பராக்காகத் தோன்றவில்லை. நம் வீட்டுக்கு ரம்ஜான் கஞ்சி கொண்டுவருவாரே சௌக்கத் அலி, அவர் என்னோடு கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், இரும்புச் சில்லு தெறித்து ஒரு கண் போன பிறகு இப்போது துறைமுகக் கேட்டில் ஆளெண்ணிக்கொண்டிருக்கிறார். அவர் கடைசியாகக் கிரேனில் உட்கார்ந்த அன்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. “இன்னா நைனா பண்றது, கொக்கி கிட்டக்க கீதா எட்டக்க கீதான்னே தெர்ல, மூட்டைய ஆளு தலைமேலயே எறக்கிகினு இருந்தேன், நல்லவேள கூவுனானுங்க” என்றார். தூரம் அளப்பதற்கு இரண்டு கண் வேண்டும், அதற்காகத்தான் வருஷத்துக்கு ஒரு தரம் எங்களை வரிசையில் நிறுத்திக் கண் பார்க்கிறார்கள். தம்ளர் பிடிக்கிறதும் அதே கணக்குத்தான். அவனை முன்னால் நிறுத்தி, என் கையால் இடது கண்ணை மூடினேன். மூடியதே தெரியாதவன் போல முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். கையை மாற்றி வலது கண்ணை மூடினேன். முறுக்கைப் போட்டுவிட்டு, எடு தாத்தா, இருட்டுது எடு என்று என் கையைப் பிய்த்தான். தங்கபுஷ்பம், இதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு உள்ளங்கை போதும். இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் இத்தனை கை இருந்தும் ஒரு கை நீளவில்லை.

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பெரிய கண்ணாஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். எழுத்துத் தெரியாத பிள்ளையை எப்படிச் சோதிப்பார்கள் என்று நினைத்தேன், நல்ல வழி வைத்திருக்கிறார்கள். சீப்பு மாதிரி மூன்று பல் உள்ள ஒரே உருவத்தை மேலே கீழே பக்கவாட்டில் திருப்பித் திருப்பி அட்டையில் பெரிதும் சிறிதுமாக அச்சிட்டிருக்கிறது, பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பிள்ளை விரலைக் காட்டவேண்டும். வலது கண்ணால் கடைசி இரண்டு வரி தவிர மற்றதையெல்லாம் மளமளவென்று காட்டினான். இடது கண்ணால் மேலே இரண்டாம் வரியைத் தாண்டவில்லை. பிறகு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, சின்னக் கண்ணாடியால் வெளிச்சத்தை உள்ளே அடித்து, நிழல் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்து, அதற்கு எதிர் வில்லையைப் பிடித்து அளந்தார் டாக்டர். அளவு இது. கைரேகை இல்லை, பல்லி விழுந்த பலன் இல்லை. அவர் சொன்னதை உனக்குப் புரிகிறபடி எழுதுகிறேன். பிள்ளைக்குப் பிறவியிலேயே தூரப்பார்வை, கிட்டத்தில் பார்ப்பதற்காகக் கண் முறுக்கிக்கொண்டு உள்ளே சாய்கிறது. சாய்ந்த கண் ஒரு படம், நேர்க்கண் ஒரு படம் என்று இரண்டாக அனுப்புகிறபோது மூளை குழம்பாமல் இருக்க ஒன்றைத் தள்ளிவிடுகிறது. ஒரு மூட்டையை இரண்டு கயிறு இரண்டு பக்கம் இழுத்தால் நானும் ஒரு கயிற்றைத் தளர்த்தத்தான் செய்வேன். தளர்த்திய கயிறு கிடந்து மட்கிப் போகும். அதுதான் நடக்கிறது. அதற்கு வைத்தியம் இரண்டு. எந்நேரமும் மூக்குக்கண்ணாடி. நல்ல கண்ணைப் பஞ்சு வைத்து மூடிவிட்டு, சோம்பேறிக் கண்ணுக்குக் கிட்டத்து வேலை கொடுப்பது. ஏழு எட்டு வயதுக்குள் செய்தால் திரும்பும், அதற்குப் பிறகு எந்தக் கண்ணாடியும் உதவாது என்றார். பிள்ளைக்குத் தையில் ஆறு முடிகிறது.

ஆடியில் கண்ணாடி வந்தது. காதில் கம்பி சுற்றுகிற வட்டக் கண்ணாடி. போட்டுக்கொண்டவன் தெருவில் நின்று எதிர்வீட்டு ஓட்டுக் கூரையையே பார்த்தான், தாத்தா, ஓடு ஒண்ணு ஒண்ணா இருக்கு என்றான். அதுவரைக்கும் அவனுக்கு அது ஒரே சிவப்பு. கண்ணும் நேராக நின்றது. முறுக்க வேண்டிய அவசியமில்லாததால் நேரானது, அவ்வளவுதான் விஷயம். நான் முட்டாள், இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்று நேரே கடைக்குக் கூட்டிப் போனேன். உன் மாமனார் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். “என்னவே இது, புள்ள கண்ணு நேரா நிக்கி? ராசிய எங்கவே கொண்டு போட்டீரு?” என்று கேட்டார். வைத்தியம் என்றேன். “வைத்தியமா? சம்பந்தி, நீரு கிரேனுக்கு எண்ணெய் விடும், அதுல நான் கேக்க வந்தனா? யாவாரத்துல நீரு எதுக்குக் கைய விடுதீரு?” என்றார். கணக்கப்பிள்ளை தவசிமுத்து மெதுவாகப் பையன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், கண் பழையபடி உள்ளே சாய்ந்தது. அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி. “அண்ணாச்சி, ராசி எங்கயும் போவல. கழத்துனா வந்துருதுல்லா” என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று வாதாடி, போணி முடிகிறவரைக்கும் கண்ணாடி இல்லை, முடிந்ததும் போட்டுவிடவேண்டும், மத்தியானம் நல்ல கண்ணுக்குப் பஞ்சுக்கட்டு என்று ஒப்புக்கொள்ளச் செய்தேன்.

அந்த ஒப்பந்தம் ஒரு மாதம் ஓடியது. ஆவணிக் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து மண்டிக்குக் கருப்பட்டி ஏற்றி வந்த தோணியில் தார்ப்பாய் கிழிந்து, ஒரு ராத்திரி மழையில் சிப்பம் சிப்பமாகக் கரைந்து பாகாகிவிட்டது. அந்தத் தோணியை நான் போய்ப் பார்த்தேன். தார்ப்பாய் ஓரத்தில் எலி கடித்த ஓட்டையில் என் கை நுழைந்தது. அதைச் சொன்னேன். எலிக்கு உன் மாமனார் வீட்டில் மரியாதை இல்லை. கண்ணாடி போட்டதுதான் காரணமென்று அதைக் கழற்றிக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். பூட்டியது எனக்குத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் இப்போதுதான் கழற்றினான், குளிக்கப் போனான், தூங்குகிறான் என்று சொல்லிவந்தார்கள். பஞ்சுக்கட்டு மட்டும் நடக்கிறது என்றார்கள். அதுவும் எப்படி நடந்தது தெரியுமா? போன மாதம் மறுபரிசோதனைக்குக் கொண்டுபோனேன். முதலில் இரண்டாம் வரி காட்டியவன் இப்போது மேல்வரியையே காணவில்லை, காற்றில் விரலைச் சுற்றினான். அங்கே நர்ஸாக இருக்கிற ரோஸ்மேரி நம் ராயபுரத்துப் பெண், வாய் கொஞ்சம் அதிகம். “இன்னா சார் இது, கட்டு கட்டியும் கண்ணு இம்மாம் மோசமா பூட்சு? எந்தக் கண்ணுல கட்னீங்கோ?” என்று என்னை முறைத்துவிட்டு, “நீ சொல்லு நைனா, வூட்ல எங்க கட்டுவாங்கோ?” என்று அவனைக் கேட்டாள். அவன் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினான். மங்கிக்கொண்டிருந்த கண்ணை. ரோஸ்மேரி தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யே, வேல செய்ற ஆளுக்கு வேல குட்த்துட்டு தூங்கறவன இன்னும் போத்தி வுட்டுக்கீறாங்களே” என்றாள். டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது, அதிகம் இல்லை என்றார். அது எனக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது.

உன் மாமியாரைப் போய்க் கேட்டேன், கண்ணாடி பூட்டிக் கிடப்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அந்த அம்மாளிடம் கள்ளம் இல்லை, அதுதான் கஷ்டம். “நல்ல கண்ண எவனாவது மூடுவானா? நோவு எங்கயோ அங்கதான கட்டு? நீங்க ஆம்பள, மாத்திச் சொல்லுதியன்னு நானே சரி பண்ணிட்டேன்” என்றார்கள். முட்டுக்கு அடிபட்டால் முட்டுக்குக் கட்டு, அந்த வழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. பிரியத்தோடு, தினமும், எண்ணெய் தடவி, தலை வாரி, பொட்டு வைத்து, அந்தக் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்திருக்கிறார்கள். நான் உனக்கு எழுதினேன். மாமனாருக்கு நீயும் மாப்பிள்ளையும் ஒரு வரி எழுதினால் போதும், பெற்றவர்கள் சொன்னால் கேட்பார் என்று எழுதினேன். அதற்குத்தான் உன்னுடைய இந்தப் பதில். ஒரு கண் நன்றாகத் தெரிகிறதே. சௌக்கத் அலிக்கும் ஒரு கண் நன்றாகத் தெரிகிறது. நாளைக்கு அந்த ஒரு கண்ணில் பம்பரக் கயிறு பட்டால், தீபாவளி வெடி பட்டால், உன் பிள்ளைக்கு மிச்சம் என்ன என்று யோசித்தாயா? உன் மாமனார் மனசு நோகும் என்று யோசித்திருக்கிறாய்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை, கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றேன். ஐப்பசி மழை, கடைவாசலில் முழங்கால் தண்ணீர். முத்துமாலை மணையில் உட்கார்ந்திருந்தான், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான், என் குரல் கேட்டபிறகுதான் சிரித்தான். பையனைக் கூட்டிப் போகிறேன், கண்ணாடியைக் கொடுங்கள் என்றேன். உன் மாமனார் முதலில் மரியாதையாகத்தான் சொன்னார், “போணியாவுத நேரம் சம்பந்தி, உள்ள போயி காப்பி குடியும்” என்றார். எனக்குக் காப்பி வேண்டாம், கண்ணாடி வேண்டும் என்றேன். “கண்ணாடியக் கண்டா எனக்குக் கரைஞ்ச கருப்பட்டி வாடை அடிக்கி. தரமாட்டேன். மீறிக் கூட்டிட்டுப் போறீரா? போவும். உம்ம மவ பினாங்குல யாரு கடையில சோறு திங்கான்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடும். நாளைக்கே எம் மவனுக்கு எழுதுவேன்” என்றார். எழுதட்டும். இதற்குள் எழுதியும் இருப்பார், அந்தக் கடிதமும் இதே கப்பலில்தான் வரும். நான் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தேன். தவசிமுத்து பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வந்து, பத்து எட்டில் திரும்பிப் பார்த்துவிட்டு, குடையையும் மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

வழியில் பிள்ளை கேட்டது உனக்குத் தெரியவேண்டும். தாத்தா, இனிமே போணி யாரு பண்ணுவா, அங்க எல்லாரும் சாப்பிடணும்லா என்றான். கொஞ்சம் பொறுத்து, கண்ணாடி போட்டா தோணி முழுகுமா என்றான். இத்தனை சின்னப் பிள்ளை தலையில் ஒரு மண்டியையும் ஒரு தோணியையும் ஏற்றிவைத்திருக்கிறீர்கள். முழுகாது என்று சொன்னேன். நம்பவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு தார்ப்பாய் என்றால் என்ன, எலி எப்படிக் கடிக்கும் என்று தரையில் கரிக்கட்டியால் படம் போட்டுக் காட்டினேன், அப்புறம்தான் தூங்கினான். அவனுக்குப் புரிந்தது உன் மாமனாருக்குப் புரியாததல்ல, புரிய வேண்டாம் என்று இருக்கிறார்.

புதுக் கண்ணாடிக்குச் சொல்லிவைத்தேன், வந்துவிட்டது. கட்டு இப்போது என் கையாலேயே வலது கண்ணுக்கு. முதல் இரண்டு நாள் கதவில் இடித்துக்கொண்டான், உன் அம்மாவை அடித்தான், அழுதான். தெருப் பிள்ளைகள் சோடாபுட்டி சோடாபுட்டி என்று பின்னாலேயே கத்துகின்றன. காத்திவாக்கத்திலிருந்து இறால் கொண்டுவருகிற கன்னியம்மா கூடையை இறக்கியதும், “இன்னாம்மா உம் பேரன், ஒத்தக் கண்ண மூடிகினு ரவுடி மாரி கீறான்?” என்று கேட்டாள், அதற்கு மட்டும் அவன் சிரித்தான். டாக்டர் கிட்டத்து வேலை கொடுக்கச் சொன்னாரே, உன் அம்மா அவனைக் கன்னியம்மா எதிரில் உட்காரவைத்து, உலர்ந்த சின்ன இறாலில் தலை வேறு உடல் வேறு பொறுக்கச் சொல்கிறாள். தடவித் தடவித்தான் எடுக்கிறான். நேற்று தடவாமல் ஒன்றை எடுத்து, ஆயா, இதுக்கு மீசை இருக்கு என்றான். உன் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரு மீசை தெரிந்தால் கண் வந்துவிடாது, மாதக்கணக்கில் விடாமல் கட்டவேண்டும், நடுவில் விட்டால் மறுபடியும் போகும். அதனால்தான் அவனைத் திருப்பி அனுப்ப முடியாது என்கிறேன்.

இனி நீ செய்யவேண்டியது ஒன்றுதான், அதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மாப்பிள்ளை கோபப்படுவார், கடை போய்விடும், உறவு முறிந்துவிடும் என்றெல்லாம் நீ எழுதப் போகிறாய். எனக்கும் தெரியும். முறிந்தால் ஒட்டலாம், ஒட்டாவிட்டால் துறைமுகத்தில் மாப்பிள்ளைக்கு வேலை பார்த்துத் தருகிறேன், இந்தக் கண்ணுக்கு அப்படி மாற்று எதுவும் என்னிடம் இல்லை. பிள்ளையை அனுப்பிவிடுங்கள் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அனுப்பமாட்டேன். என் மகனுக்கு இடது கண் வேண்டாம், ஒரு கண் போதும் என்று அந்த வார்த்தைகளையே உன் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. அனுப்பினால் அன்றைக்கே கட்டை அவிழ்த்து, கண்ணாடியைக் கழற்றி, கொண்டுபோய்க் கல்லாப் பக்கத்தில் உட்கார்த்திவிட்டு வருகிறேன். அவன் பெரியவனாகி ஏன் எனக்குத் தெரியவில்லை என்று கேட்கிற நாளில் அந்தத் தாளை அவனிடம் கொடுத்துவிடுவேன். எழுத முடியாவிட்டால் எழுதாதே. நீ எழுதாமல் இருப்பதையே சம்மதமாக வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டிருப்பேன்.

வயிற்றில் இருப்பதற்கு ஒரு குறையும் வராது என்று இருந்துவிடாதே. கூடப் பிறந்தவனுக்கு இருப்பதால் அதற்கும் வரலாம் என்கிறார் டாக்டர். கண் நேராகவே இருந்தாலும் மூன்று வயதில் அங்கே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடு, யாரிடமும் அனுமதி கேட்காதே. சுடுசோறு சாப்பிடு, கனமான சாமான் தூக்காதே, கால் வீங்கினால் உடனே சொல். உன் அம்மா உனக்கும் மாப்பிள்ளைக்கும் நூறாயுசு சொல்லச் சொன்னாள். என் ஆசீர்வாதம் உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு, அதற்கு நான் நிபந்தனை எதுவும் வைக்கவில்லை.

உன் அப்பா,
உச்சிமாகாளி